மூன்று காலுக்குக் கட்டணம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, வறுத்த இறைச்சியின் வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகாத நேரத்தில், ஹெலிவெல் தம்பதியர், ட்ரெவரும் டோரீனும், தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ‘எதிர்க்கரை’ பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். அப்போது அது புது நாடகம். இப்போது அதில் நடித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்தும் ஏதாவது ஒரு சேனல்காரன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டேதான் இருந்தான். ஊரும் சலிக்காமல் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

ஓர் ஆறு, அதைக் கடக்க ஓர் ஓட்டைப் படகு, அதற்கு ஒரு கேப்டன், அவருக்குக் கீழே சிரில் என்று ஒரே ஒரு வேலையாள். சரக்கு அவ்வளவுதான். கேப்டன் ட்விக்குக்கு அந்தப் படகு ஒரு போர்க்கப்பல். ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிற ஆற்றில், விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரிக் கப்பலைத் தேடுபவர் போல நின்றிருப்பார். யார் என்ன கேட்டாலும் ஒரு பெருமூச்சு விட்டு, “விதின்னு ஒண்ணு இருக்குல்ல, சிரில்” என்பார். அந்தப் பெருமூச்சு வரும் முன்பே டோரீனுக்குச் சிரிப்பு வந்துவிடும். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ட்ரெவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவர் தலையை ஆட்டுவார். சரியான இடத்தில், சரியான வேகத்தில் வண்டியைத் திருப்பியவனைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி.

எல்லோருக்கும் பிடித்தது பியானோ வருகிற கதை. யாரோ ஒருத்தி தன் பெரிய பியானோவை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வருவாள். கட்டணப் பலகையில் இரண்டு கால் உள்ளவர்களுக்கு ஒரு விலை, நாலு கால் உள்ளவற்றுக்கு ஒரு விலை. பியானோவுக்கு மூன்று கால். கேப்டன் நடு ஆற்றில் படகை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பிப்பார். “ஒரு கால் போன மாடுன்னு எழுதிக்குங்களேன், கேப்டன்” என்பான் சிரில். “அந்தக் கால் எங்கேன்னு மேலதிகாரி கேப்பாரே” என்பார் கேப்டன்.

“அந்த ஆள் சொல்றது நியாயந்தானே?” என்பார் ட்ரெவர், ஒவ்வொரு முறையும். “பலகையில இல்லாத கட்டணத்த எப்படி வாங்குவாரு?”

“சும்மா ஏத்திட்டுப் போயிடலாம்ல?”

“இன்னிக்கு ஒண்ண சும்மா ஏத்தினா, நாளைக்கு ஊர்ல இருக்கற முக்காலியெல்லாம் வந்து வரிசையில நிக்கும்.”

டோரீன் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொள்வாள். படகைப் பார்த்து வருகிற சிரிப்பு பாதி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வருவது பாதி என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

ட்ரெவர் வேலை பார்த்ததெல்லாம் ஓட்டுநர் தேர்வு நிலையத்தில். காரின் இடப்பக்க இருக்கையில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருக்கு உரிமம் கொடுத்தார், மீதிப் பேருக்கு மறுத்தார். மறுக்கப்பட்டவர்களுக்குத்தான் ஞாபகசக்தி அதிகம். கறிக்கடை வரிசையில், தபால் நிலையத்தில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், “கேப்டன் ட்விக்கோட பொண்டாட்டி வருது” என்று யாராவது அடிக்குரலில் சொல்வது டோரீன் காதில் விழும். கோபம் வராது, ஏனென்றால் பொருத்தமான பட்டம்தான். ஆனால் அவர் காதுக்கு அது போகவிடாமல் பார்த்துக்கொண்டாள். கணவனின் கால்சட்டை பின்புறம் கிழிந்திருப்பதை அவனிடம் சொல்லாமல், வீடு வரும் வரை முதுகோடு ஒட்டியபடி நடந்து வருகிறவள் மாதிரி, இத்தனை வருஷமும் அவர் பின்னாலேயே நடந்துவந்தாள்.

ஊரில் ஒரு நாடகக் குழு உண்டு. இலையுதிர் காலத்தில் ஒரு நாடகம், கிறிஸ்துமஸுக்கு ஒரு கூத்து. மெதடிஸ்ட் தேவாலயத்தை ஒட்டிய கூடம்தான் அரங்கம். டோரீன் மேடை ஏற மாட்டாள். பக்கத் திரைக்குப் பின்னால் சின்ன விளக்கோடு உட்கார்ந்து, வசனத்தை மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பாள். அந்த இலையுதிர் காலத்தில் ‘எதிர்க்கரை’யின் பியானோ கதையை மேடையில் போடுவது என்று முடிவானது. குழுவை நடத்துகிற பெவர்லிக்குத் தலைமுடி திருத்தும் கடை. யாருக்கு முடி வெட்டினாலும், “பியானோ கதையா, தேனிலவுக் கதையா, எது போடலாம்?” என்று கேட்டிருக்கிறாள். நரைத்த தலையும் சரி, நீலச் சாயம் பூசிய தலையும் சரி, பியானோ என்றே சொல்லியிருந்தன.

கேப்டனாக நடிக்க இருந்தவன் கறிக்கடை நெவில். நல்ல தொந்தியும் நல்ல குரலும். நாடகத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, தன் கேரவன் வண்டியின் படியிலிருந்து இறங்கத் தெரியாமல் இறங்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான்.

மறுநாள் காலையே பெவர்லி ஹெலிவெல் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள்.

“ட்ரெவர் கண்ணு, உங்களால ஒரு காரியம் ஆகணும்.”

அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது டோரீனுக்குக் கண்ணு என்ற சொல்லிலேயே விளங்கிவிட்டது. கெட்டிலை வைத்தபடியே, “ட்ரெவருக்கு முதுகு வலி” என்றாள்.

“அது போன வருஷம்” என்றார் ட்ரெவர்.

“அவருக்கு நடிப்பெல்லாம் வராது, பெவ். பள்ளிக்கூடத்துல மரமா நிக்கச் சொன்னதுக்கே மறுத்துட்டாராம்.”

“அது சீமைவாதுமை மரம்னு சொன்னாங்க. கொடுத்தது ஓக் மரத்து இலை” என்றார் ட்ரெவர்.

பெவர்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நடிக்கவே வேண்டாம். நீங்க நீங்களா வந்து நின்னாலே போதும்” என்றவள், சொன்னது என்ன என்று உறைத்ததும் கொதிக்கிற தேநீரை அவசரமாகக் குடித்துத் தொண்டையைச் சுட்டுக்கொண்டாள்.

ட்ரெவர் கொஞ்ச நேரம் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தார். “வசனம் எனக்குத் தெரியும்.”

“வசனம் ஊருக்கே தெரியும். தொப்பி உங்க தலைக்குச் சரியா இருக்குமான்னுதான் கேள்வி.”

தொப்பி அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

முதல் ஒத்திகைக்குப் போனதுமே, மேடைமேல் தொங்கிய மிதவை வளையத்தை இறக்கி, கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினார் ட்ரெவர். படகைக் கட்டுகிற கயிற்றின் முடிச்சை அவிழ்த்துச் சரியாகப் போட்டார். அட்டையில் செய்த படகு அது, ஆறு நீலத் துணி. அதன் பிறகு பேச ஆரம்பித்தார். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. பியானோவுக்கு மூன்று கால் இருப்பது உண்மையிலேயே ஒரு பெரிய சிக்கல் என்கிற கவலை அவர் முகத்தில் இருந்தது. பியானோக்காரியாக நடித்தவள் பாதியில் சிரிப்பு தாங்காமல் வெளியே ஓடிவிட்டாள்.

சிரிலாக நடித்தது மருந்துக்கடை இம்ரான். இடைவேளையில் டோரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“எங்கப்பா இருந்திருந்தா முதல் வரிசையில உக்காந்திருப்பாரு. இந்த நாட்டுக்கு வந்த புதுசுல அவருக்கு இங்கிலீஷ் வந்ததே இந்தப் படகு நாடகத்துலேர்ந்துதான். ஒரு தடவை மில்லுல மேஸ்திரி கூடுதல் வேலை குடுத்தப்ப, அப்பா பெருமூச்சு விட்டு, ‘விதின்னு ஒண்ணு இருக்குல்ல’ன்னாராம். மேஸ்திரி சிரிச்சுட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாராம். அப்புறம் எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதுதான். எங்கம்மாவே ரொட்டி குறைஞ்சுதுன்னா அதத்தான் சொல்லும்.” அவன் மேடையைப் பார்த்தான். “உங்க வீட்டுக்காரர் பிரமாதம். எப்படி அந்தக் கேப்டன அப்படியே புடிக்கறாரு?”

“அவரு எதையும் புடிக்கல, இம்ரான்” என்றாள் டோரீன். அவன் புரிந்துகொண்டு, பேச்சை மழை பக்கம் திருப்பினான்.

பெவர்லி ட்ரெவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். “கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கற வரைக்கும் அடுத்த வசனத்துக்குப் போகக் கூடாது. முழுசா அடங்கணும். இது ஒண்ண மட்டும் மறந்துடாதீங்க.”

“முழுசா” என்றார் ட்ரெவர். தலையை ஆட்டிக்கொண்டார்.

நாடகத்துக்கு முந்தின நாள் டோரீன் துணிகளை மடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள். “ட்ரெவர், நாளைக்கு அவங்கெல்லாம் சிரிப்பாங்க.”

“நகைச்சுவை நாடகம், டோரீன். சிரிக்கலேன்னாதான் கவலைப்படணும்.”

“இல்ல, உன்னப் பாத்து...” என்று ஆரம்பித்தவள், காலுறையின் ஜோடியைத் தேடுகிற சாக்கில் குனிந்துவிட்டாள். இத்தனை வருஷம் மூடிவைத்த கிழிசலை இப்போது எப்படிக் காட்டுவது.

சனிக்கிழமை மதியக் காட்சி. மழை தூறிக்கொண்டிருந்தது, ஆனாலும் கூடம் நிறைந்துவிட்டது. கைத்தடிகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், வீட்டிலேயே அட்டையில் செய்த கேப்டன் தொப்பியோடு ஒரு குடும்பம் முழுக்க. நெவில் கட்டுப் போட்ட காலை முன் நாற்காலியில் நீட்டி வைத்திருந்தான். டோரீன் திரைக்குப் பின்னால் தன் விளக்கைப் போட்டாள்.

திரை விலகியது. ட்ரெவர் வந்து, படகின் முனையில் நின்று, தொப்பியைச் சரிசெய்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடம் வெடித்துச் சிரித்தது.

அது படகைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை என்று டோரீனுக்குத் தெரிந்தது. ஊர் தன் கேப்டன் ட்விக்கைக் கடைசியில் தொப்பியோடு பார்த்துவிட்ட சிரிப்பு அது. அலை அலையாக வந்தது. சற்று ஓய்ந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது: “என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணீங்களே, மிஸ்டர் ஹெலிவெல்.”

மறுபடி சிரிப்பு. ட்ரெவர் அசையவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு தணிந்தது. அவர் பேசவில்லை. இன்னும் தணிந்தது. அப்போதும் பேசவில்லை. அவர் காது மடல் சிவந்திருப்பதை டோரீன் பக்கவாட்டிலிருந்து பார்த்தாள்.

“காலை வணக்கம், சிரில்” என்று வசனத்தை மெல்ல எடுத்துக்கொடுத்தாள். அவர் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். இம்ரான் அவளைத் திரும்பிப் பார்த்தான், அவன் முகமும் வெளுத்திருந்தது. கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. உடைந்துபோய்விட்டார் என்று டோரீன் நினைத்தாள். கையில் இருந்த தாள்களைக் கீழே வைத்தாள். மேடைக்குப் போய் அவர் கையைப் பிடித்து, கோட்டை மாட்டி, வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று எழுந்தே விட்டாள்.

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு பெண், தனக்குத்தானே சொல்வது போல, “காலை வணக்கம், சிரில். கயிறு கட்டியாச்சா?” என்றாள். பக்கத்தில் இருந்தவர், “கட்டியாச்சு, கேப்டன்” என்றார். அடுத்த வரியை மூன்றாம் வரிசை சொன்னது. அதற்கடுத்ததை அந்த அட்டைத் தொப்பிக் குடும்பம் சொன்னது. யாரும் கேலி செய்யவில்லை. மறந்துபோன பாட்டைக் கோயில் பாடகருக்கு எடுத்துக்கொடுக்கிற சபை மாதிரி, பதவிசாக, சேர்ந்து சொன்னார்கள். பெருமூச்சு வர வேண்டிய இடத்தில் கூடம் முழுக்க ஒரே பெருமூச்சு விட்டது. “விதின்னு ஒண்ணு இருக்குல்ல, சிரில்” என்ற குரல் ஓட்டுக்கூரை வரை போய்த் திரும்பியது.

ட்ரெவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அது நாடகத்தில் இல்லாத பென்சில். பின்வரிசையை நோக்கி, தேர்வு நிலையத்துக் குரலில் சொன்னார்:

“ரவுண்டானாவுல கண்ணாடியப் பாத்திருந்தீங்கன்னா முதல் தடவையே பாஸ், கேரி. இப்பவும் பாக்கறதில்ல. போன வாரம் கவனிச்சேன்.”

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததைச் சிரிப்பு என்று மட்டும் சொன்னால் போதாது. கேரியின் மனைவி அவன் தோளில் குத்திக் குத்திச் சிரித்தாள். நெவில் வலியையும் மறந்து காலைத் தரையில் உதைத்து, அலறி, அலறலோடு சேர்த்துச் சிரித்தான். ட்ரெவர் அதுவும் அடங்கும் வரை காத்திருந்தார். முழுசாக. பிறகு இம்ரானிடம் திரும்பி, “காலை வணக்கம், சிரில்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டோரீன் மறுபடி உட்கார்ந்தாள். அதன் பிறகு அவளுக்கு வேலையே இல்லை. மூன்று கால் கட்டணம் வந்தது, கால் போன மாடு வந்தது. ஒவ்வொன்றும் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் அத்தனை ஆசையாகக் காத்திருந்தார்கள், வாசலில் கால் சத்தம் கேட்டதும் வருவது யார் என்று தெரிந்துகொண்டே கதவைத் திறக்கிறவர்கள் போல. கடைசியில் பனி மூடிய ஆற்றில் படகு தன் போக்கில் மிதந்து போக, கேப்டன் யாரும் பார்க்காத சல்யூட் ஒன்று அடிப்பார். அந்த இடத்தில் கூடம் சத்தமில்லாமல் இருந்தது. ட்ரெவர் அடித்த சல்யூட்டைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தேநீரும் கேக்கும் நடந்தபோது கேரி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பெவர்லி கண் மையெல்லாம் கரைந்து ஓட அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ட்ரெவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி, மிதவை வளையத்தைத் திரும்பப் பழைய ஆணியில் மாட்டக் கூடாது என்று எச்சரித்துவிட்டுக் கோட்டை எடுத்தார்.

மழை விட்டிருந்தது. கால்வாய் ஓரமாக நடந்தார்கள். வாத்துகள் கரையேறி நின்று இறகை உதறின.

“பயந்தே போயிட்டேன்” என்றாள் டோரீன். “வசனம் மறந்துபோச்சா?”

“மறக்கறதாவது. முன் வரிசையில அந்த அம்மா, ஊதா கோட்டு, சிரிப்ப நிறுத்தவே இல்ல. சத்தம் வரல, ஆனா தோள் குலுங்கிட்டே இருந்துச்சு. முழுசா அடங்கணும்னு பெவர்லி சொல்லியிருக்கா. நீ வேற நடுவுல எடுத்துக்கொடுக்கற.”

டோரீன் நின்றுவிட்டாள். சிரிப்பு வந்தது, அதை விழுங்கினாள். “உன் காது சிவந்திருந்துச்சே?”

“தொப்பி இறுக்கம். சொன்னா பெவர்லி வருத்தப்படுவா.”

மேலே நடந்தார்கள். கால்வாயில் கட்டிவைத்திருந்த வீட்டுப் படகு ஒன்றில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கடைசியில் கேட்டேவிட்டாள்.

“ஊர்ல உன்ன என்னன்னு கூப்பிடறாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“கேப்டன் ட்விக்” என்றார் ட்ரெவர். “வேலையில சேந்த ரெண்டாவது வருஷத்துலேர்ந்து. ஆபீஸ்ல என் பிறந்தநாளைக்குத் தொப்பி வாங்கி நாற்காலில வெச்சிருந்தாங்க. அது நல்ல தொப்பி, இறுக்கமில்ல.”

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீ தெரியாத மாதிரி இருந்த. அதுல உனக்கு ஒரு திருப்தின்னு விட்டுட்டேன்.”

டோரீனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அப்ப நான் சிரிக்கறப்ப எல்லாம்...”

“தெரியும்.”

“உனக்குக் கஷ்டமா இல்லையா?”

ட்ரெவர் யோசித்தார். எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்வார். “டோரீன், அந்தப் படகு அத்தனை தடவை அந்த ஆத்தக் கடந்திருக்கு. ஓட்டைப் படகு. சிரில் ஒரு சோம்பேறி. ஏறறவன் எல்லாம் கோமாளி. ஒருத்தனாவது தண்ணியில விழுந்து செத்தானா? இல்ல. ஏன்? அந்த ஆள் ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டியாச்சான்னு கேக்கறாரு. எல்லாரும் அவரப் பாத்துச் சிரிக்கறாங்க, எல்லாரும் அவரு படகுலதான் ஏறறாங்க.” கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “நீ சிரிக்கறப்ப நான் உன்னத்தான் பாப்பேன். அவர உனக்குப் புடிக்கும். புடிக்காமயா இத்தன வருஷம் சலிக்காம பாத்த? அது போதும்னு இருந்தேன்.”

அவள் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். இவ்வளவு பேசியதே அவருக்கு ஒரு வார அளவு.

கால்வாய்ப் பாதை முடிந்து பெரிய சாலை வந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை. ட்ரெவர் பாதசாரி விளக்குக் கம்பத்தில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டு, விளக்கிலிருந்த சிவப்பு மனிதன் பச்சையாக மாறுவதற்காக நின்றார். டோரீன் எப்போதும் இங்கே காத்திருப்பதில்லை. குறுக்கே போய்விட்டு, அந்தப் பக்கம் ரொட்டிக்கடை சன்னலைப் பார்த்தபடி நிற்பாள். இன்று அவர் பக்கத்திலேயே நின்றாள். காலிச் சாலையின் ஈரத்தில் விளக்கின் சிவப்பு நெடுநேரம் கிடந்தது.

“ராத்திரிக்கு முட்டை போட்டுடலாம்” என்றார் ட்ரெவர். “பெட்டியில போட்டிருக்கற தேதி நாளையோட முடியுது.”

“ரெண்டு போடு எனக்கு” என்றாள் டோரீன். விளக்கு பச்சையானது.